டார்க் ரெஞ்சுக்கு ஒரு இடம்

பார்சல்காரர் ஷெட் வாசலில் சாய்த்துவிட்டுப் போன அட்டைப்பெட்டியைப் பிரித்ததும் அமராவதிக்குச் சப்பென்று போய்விட்டது. உள்ளே ஒரு பலகை. அதையாவது உருப்படியாக அனுப்பினார்களா என்றால் அதுவும் இல்லை, மேலிருந்து கீழ்வரை ஓட்டை ஓட்டையாக இருந்தது. கூடவே ஒரு பிளாஸ்டிக் பை நிறைய கொக்கிகள்.

"இன்னாடி இது, இடியாப்பத் தட்டாட்டம் ஒண்ண அனுப்பி வச்சிருக்க?" என்று மகளைப் போனில் பிடித்தாள்.

மகள் அனுப்பிரியா ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கிறாள். "அதுக்குப் பேரு பெக் போர்டும்மா. செவுத்துல மாட்டி, கொக்கி போட்டு, ஸ்பேனரையெல்லாம் தொங்க வுடணும். ஒவ்வொண்ணு பின்னாடியும் அதோட உருவத்தை வரைஞ்சி வச்சிட்டா, எது எடத்துல இல்லன்னாலும் பாத்த ஒடனே தெரிஞ்சிடும். எங்க கம்பெனில அப்பிடித்தான். அப்பா ஒத்தக் கையால டூல் பாக்ஸக் கிளறிக்கினு கெடக்க வேணாம் பாரு" என்றாள்.

ஒத்தக் கை என்ற வார்த்தை காதில் விழுந்தால் போதும், அமராவதிக்குப் பேச்சு நின்றுபோகும். சரி வை என்று போனை அணைத்துவிட்டாள்.

அது ஏன் என்று சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் இந்தப் பலகைக் கதையில் அழுவதற்கு என்ன இருக்கிறது என்று நீங்கள் கேட்பீர்கள்.

கடலூரில், கெடிலத்துப் பாலத்துக்கு இந்தப் பக்கம், வீட்டை ஒட்டினாற்போல இருக்கிறது பொன்னுரங்கத்தின் கார் ஷெட். ஒரு காலத்தில் அவரும் அவருடைய மச்சான் செம்பியனும் சேர்ந்துதான் அங்கே வேலை செய்தார்கள். செம்பியன் வேறு யாருமில்லை, அமராவதியின் கூடப்பிறந்த தம்பி. மாமனும் மச்சானும் ஒரே தட்டில் சாப்பிட்டவர்கள். ஊர்க்கண் பட்டுவிடும் என்று அமராவதியே இரண்டு பேரையும் உட்காரவைத்துச் சுற்றிப் போட்டிருக்கிறாள். அது பலித்த லட்சணத்தை என்னவென்று சொல்ல!

அந்தப் புயல் வருஷத்தில் ஒரு மத்தியானம் ஆற்றுத் தண்ணீர் தெருவுக்குள் புகுந்தது. மூன்று பேரும் அலறியடித்துக்கொண்டு கைக்குக் கிடைத்த சாமானையெல்லாம் இரும்பு ராக்கின் உச்சியில் ஏற்றினார்கள். ராக்கு சுவரோடு போல்ட் போட்டு இறுக்கியது, எந்த வெள்ளத்துக்கும் அசையாது. பஸ் ஓடும்போதே போய்விடுகிறேன் என்று செம்பியன் தன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு சிதம்பரத்துக்குக் கிளம்பினான். பெண்டாட்டி பிள்ளைகள் அங்கே மாமியார் வீட்டில் இருந்தார்கள். நாலைந்து நாளில் தண்ணீர் வடிந்தது. சேற்றை வழித்து, சாமான்களை இறக்கிப் பார்த்தால் டார்க் ரெஞ்சைக் காணோம்.

டார்க் ரெஞ்ச் என்றால் முழங்கை நீளத்துக்கு ஒரு சாவி. போல்ட்டை வேண்டிய அளவு இறுக்கியதும் 'டக்' என்று சத்தம் போட்டுச் சொல்லிவிடும். அது இல்லாமல் இன்ஜினில் கை வைக்க முடியாது. ஆயுத பூஜையில் பொன்னுரங்கம் முதல் சந்தனப் பொட்டை அதற்குத்தான் வைப்பார். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு ஷெட் முழுக்கத் தேடினார்கள். கிடைக்கவில்லை.

மனுஷனுக்கு அப்போதெல்லாம் கோபம் மூக்குக்கு மேலேயே உட்கார்ந்திருக்கும். செம்பியன் திரும்பி வந்ததும், கஸ்டமர்கள் நாலு பேர் நிற்கும்போதே, "பையத் தெற" என்றார்.

செம்பியன் திறந்தான். டிபன் பாக்ஸும் துண்டும்தான் இருந்தன.

"இப்ப இருக்காதுடா. வூட்ல வச்சிட்டு வந்திருப்ப."

செம்பியன் மாமாவைப் பார்க்கவில்லை, அக்காவைப் பார்த்தான். அவள் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். புருஷன் பக்கமா தம்பி பக்கமா என்று அவள் முழித்துக்கொண்டிருந்தாள், அதற்குள் அவன் செருப்பை மாட்டிக்கொண்டு படி இறங்கிவிட்டான். அதோடு சரி. சிதம்பரத்தில் ஒரு ஷெட்டில் வேலைக்குச் சேர்ந்துவிட்டான் என்று பிறகு கேள்விப்பட்டாள்.

அமராவதிக்குச் சோறு இறங்கவில்லை. தம்பி எடுத்திருக்க மாட்டான். பின்னே யார் எடுத்தது? நம்ம பக்கத்தில் இந்த மாதிரி வழக்கை எங்கே கொண்டுபோவார்கள் என்று உங்களுக்கே தெரியும். யாரிடமும் சொல்லாமல் விருத்தாசலத்துக்குப் பஸ் ஏறினாள். கொளஞ்சியப்பர் கோயிலில், போலீசுக்கு எழுதுவதைப்போல சாமிக்கு மனு எழுதி, நூல் சுற்றி, முனியப்பர் முன்னால் இருக்கும் வேலில் கட்டினாள். அதற்குப் பிராது கட்டுவது என்று பெயர். மூன்று மாதத்துக்குள் தீர்ப்பு வந்துவிடும் என்பார்கள். வழக்கு முடிந்தால் மறக்காமல் போய் வாபஸ் வாங்க வேண்டும். அவள் எழுதியது இதுதான்: எடுத்தது யாராக இருந்தாலும் அந்தக் கை விளங்காமல் போகட்டும்.

மூன்று மாதம் முடிவதற்குள், ஒரு நாள் காலையில் காபி டம்ளரை எடுக்கப்போன பொன்னுரங்கத்தின் வலது கை எழும்பவில்லை. வாதம் என்றார்கள். ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்த்ததில் கால் ஓரளவு தேறியது, பேச்சுக்கும் குறைவில்லை. கை மட்டும் திரும்பவில்லை.

அமராவதி தான் வேலில் கட்டிய மனுவை நினைத்துப் பார்த்தாள். சாமி தீர்ப்புச் சொல்லிவிட்டது என்றால், எடுத்தவர் இவரா? யோசிக்க யோசிக்க அவளுக்கு எல்லாம் பொருந்தியது. வண்டி கொண்டுவருகிறவர்கள் எல்லாரும், "செம்பியன் இருக்கானா?" என்றுதானே கேட்பார்கள்? அப்போதெல்லாம் இவர் முகம் சுருங்குமே! சாமானைத் தானே ஒளித்துவைத்து, பழியைத் தூக்கி மச்சான் தலையில் போட்டு விரட்டியிருக்கிறார். பாவி மனுஷன், என் தம்பியை! இப்படி முடிவு கட்டிவிட்டாள்.

அன்றிலிருந்து அவருக்குச் சோறு போட்டாள், குளிக்க வைத்தாள், சட்டைப் பொத்தான் மாட்டிவிட்டாள். முகத்தைப் பார்த்து மட்டும் பேசவில்லை. அவர் தன் வாயால் ஒத்துக்கொள்ளட்டும், அன்றைக்கே விருத்தாசலம் போய்ப் பிராதை வாபஸ் வாங்குகிறேன் என்று பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள். அவரும் ஒத்துக்கொள்ளவில்லை, அவளும் போகவில்லை. வருஷம் இரண்டு ஓடிவிட்டது.

இந்த நிலையில்தான் அந்தப் பலகை வந்து இறங்கியது.

பொன்னுரங்கத்துக்கு அதைப் பார்த்ததும் முகத்தில் ஒரு தெளிச்சி. இடது கையை வைத்துக்கொண்டு பிளக் மாற்றுவது, பிரேக் பார்ப்பது என்று சின்னச் சின்ன வேலை செய்துவந்தார். வேலையைவிடச் சாமானைத் தேடுவதிலேயே பாதி நாள் போய்விடும். "கெட்டிக்காரி என் பொண்ணு" என்று பலகையைத் தடவிக் கொடுத்தார்.

சுவரில் ஏற்றுவதற்கு முன் தரையில் படுக்கவைத்து எதற்கு எங்கே இடம் என்று பார்க்க வேண்டுமாம். அவர் ஸ்டூலில் உட்கார்ந்து கை காட்ட, அமராவதி ஒவ்வொன்றாக எடுத்துப் பலகைமேல் வைத்தாள். ரிங் ஸ்பேனர்கள் பெரிசிலிருந்து சிறிசு வரை, கட்டிங் பிளேயர், சுத்தியல். எல்லாம் இடப்பக்கமாக, அவருடைய நல்ல கைக்கு எட்டுகிற மாதிரி. அவர் குனிந்து மார்க்கரால் சுற்றிக் கோடு போட்டார். பழகாத கை, கோடு நெளிந்து நெளிந்து போனது.

"இங்க கொஞ்சம் எடம் வுடு" என்றார்.

"எதுக்கு?"

"டார்க் ரெஞ்சுக்கு."

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "இல்லாத சாமானுக்கு எடம் ஒரு கேடா?"

"ஒரு நாள் இல்லன்னா ஒரு நாள் வரும்."

"எங்க இருக்குதுன்னு தெரிஞ்சவுங்களுக்குத்தான் அந்தப் பேச்சு வரும்."

அவர் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். குனிந்து, சாமான் இல்லாமலேயே, ஞாபகத்தில் இருந்து அதன் உருவத்தை வரைந்தார். நீளமான பிடி, மேலே உருண்டைத் தலை. அந்தக் கோடு மட்டும் நெளியாமல் வந்ததைப் பார்த்து அமராவதி இன்னும் எரிச்சலானாள்.

ஷெட்டில் ஓதம் ஏறாத சுவர் ஒன்றுதான். அதில் ராக்கு நின்றுகொண்டிருந்தது. அதை எடுத்தால்தான் பலகைக்கு இடம். ராக்கைக் காலி செய்தார்கள். அமராவதி ஏறி நின்று மேல் போல்ட்டுகளைக் கழற்றினாள், பொன்னுரங்கம் கீழே உட்கார்ந்து இடது கையால் திருகினார். துருப்பிடித்த போல்ட்டு லேசில் விடுமா? தேங்காய் எண்ணெய் ஊற்றி ஊற வைத்துத்தான் அசைத்தார்கள். கடைசிப் போல்ட் வந்ததும் இருவரும் சேர்ந்து ராக்கை முன்பக்கமாகச் சாய்த்தார்கள்.

பின்னால் பொத்தென்று ஏதோ விழுந்தது.

ராக்கின் முதுகுத் தகட்டுக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு கை நுழையாத சந்து. இத்தனை நாள் அதற்குள் நின்றுகொண்டிருந்தது ஒரு துணிப் பொட்டலம். நீளமாக இருந்தது. ஒட்டடையும் குளவிக் கூடும் அப்பிக் கிடந்தன. பொன்னுரங்கம் ஒற்றைக் கையால் தட்டித் தட்டி அதைச் சுத்தம் செய்தார். உள்ளே கிளிப்பச்சை தெரிந்தது.

அது அமராவதியின் பழைய கிளிப்பச்சைச் சேலை. முடிச்சையும் பார்த்தாள். அண்ணாகிராமத்தில் பிறந்து முந்திரிக்கொட்டை மூட்டை கட்டிப் பழகியவள் அவள். இரண்டு சுற்றுச் சுற்றி, முடிச்சுப் போட்டு, வாலை உள்ளே செருகிவிடுவாள். அந்த வீட்டில் அப்படிக் கட்டுவது அவள் ஒருத்திதான்.

அவிழ்க்காமலேயே அவளுக்கு எல்லாம் ஞாபகம் வந்துவிட்டது. அன்றைக்குக் காலடியில் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. அவள் ஸ்டூலில் நின்றாள். ஆம்பளைகள் இருவரும் வாசலில் மணல் மூட்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். இது நனைந்தால் இந்த மனுஷன் உயிரை விட்டுவிடுவார் என்று சேலையைக் கிழித்து, சுற்றி, கட்டி, எல்லாவற்றுக்கும் மேலே, சுவர் ஓரமாக, பத்திரமாக வைத்தது அவள்தான். அதற்குமேல் யாரோ டப்பாக்களைத் தள்ளியிருக்கிறார்கள், இது பின்னால் நழுவியிருக்கிறது. அந்தக் களேபரத்தில் அவளுக்கு அது அடியோடு மறந்துபோயிருக்கிறது. மறந்தவள் சும்மா இருந்தாளா? எடுத்த கை விளங்கக் கூடாது என்று எழுதிக் கட்டிவிட்டு வந்தாள்.

பொன்னுரங்கம் பல்லால் முடிச்சை இழுத்து அவிழ்த்தார். டார்க் ரெஞ்ச் ஒரு பொட்டுத் துரு இல்லாமல் பளபளவென்று இருந்தது.

"நனையக் கூடாதுன்னு கட்டியிருக்க" என்றார்.

அமராவதி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். தலையில் அடித்துக்கொண்டாள். "நான் விருத்தாசலம் போயி..." என்று ஆரம்பித்தாள்.

"பிராது கட்டுன. தெரியும்."

"தெரியுமா?"

"பூஜ ரூம்ல அந்தக் கோயில் விபூதிப் பொட்டலம் கெடந்துச்சு. என்கிட்ட சொல்லாம நீ அவ்ளோ தூரம் வேற எதுக்குப் போவ?"

"தெரிஞ்சுமா என்கிட்ட ஒண்ணும் கேக்கல?"

"இன்னா கேக்கறது? அவன் எடுத்திருக்க மாட்டான்னு அவன் படியெறங்கினப்பவே எனக்குத் தெரிஞ்சுபோச்சு. நேர்ல போயி தப்புதாண்டான்னு சொல்ல வாய் வரல. நாலு பேர் எதுர அவன் பையத் தொறக்கச் சொன்னதுக்குத்தான் கை போச்சுன்னு இருந்துட்டேன். நீயும் தம்பிக்காகத்தான் மூஞ்சி குடுக்காம இருக்கன்னு நெனச்சேன்."

அமராவதி முகத்தைப் பொத்திக்கொண்டாள். "இல்லங்க. நீங்கதான் ஒளிச்சு வச்சிட்டீங்கன்னு நெனச்சேன்."

அவர் ரெஞ்சை மடியில் வைத்துப் புரட்டிக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாக, "ரெண்டு வருசமாவா?" என்று மட்டும் கேட்டார்.

அவள் தலையாட்டினாள். அவர் கண் கலங்கியதை அன்றைக்குத்தான் அவள் பார்த்தாள். கை போனபோதுகூட அழாத மனுஷன். தன் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம்போல இருந்தது அவளுக்கு.

அழுதுகொண்டே இருந்தால் திறந்து கிடக்கிற வேலையை யார் செய்வது? அமராவதி மூக்கைச் சிந்திவிட்டு எழுந்தாள். ஓட்டைப் பலகையைச் சுவரில் ஒட்டி அடிக்கக் கூடாது, பின்னால் இடைவெளி இருந்தால்தான் கொக்கி உள்ளே நுழையும். அதனால் முதலில் ரீப்பர் கட்டைகளை அடிக்க வேண்டும். அவர் ரசமட்டத்தைச் சுவரில் பிடித்துக் குறி சொல்ல, அவள் டிரில் மிஷினை இரண்டு கையாலும் பிடித்து நெஞ்சோடு அணைத்துத் துளை போட்டாள். செங்கல் தூள் முகமெல்லாம் பறந்தது. கண்ணில் தண்ணீர் வந்ததற்குத் தூள்தான் காரணம் என்று இருவரும் வைத்துக்கொண்டார்கள். பலகையைத் தூக்கி நிறுத்தி, அவர் தோளால் முட்டுக் கொடுக்க, அவள் ஸ்க்ரூவை இறுக்கினாள்.

"தோள் வலிக்குதா?" என்று கேட்டாள். முகத்தைப் பார்த்துத்தான் கேட்டாள்.

"இல்ல" என்றார். பொய்தான் சொன்னார்.

எல்லாச் சாமானையும் மாட்டினார்கள். டார்க் ரெஞ்சின் இடம் மட்டும் வெறும் கோடாக நின்றது. அவள் அதைக் கொக்கியில் வைக்கப் போனபோது அவர் தடுத்தார். "இது மொதல்ல சிதம்பரம் போவணும். மச்சானுக்குத்தான் இது. இனிமே நான் இன்ஜின் பிரிக்கப் போறதில்ல."

மறுநாள் இருவரும் சிதம்பரம் பஸ்ஸில் ஏறினார்கள். ரெஞ்ச் அதே கிளிப்பச்சைத் துணியில் இருந்தது.

செம்பியன் வேலை பார்த்தது வண்டிகேட் பக்கம், இளவரசு என்பவரின் ஷெட்டில். இவர்கள் விசாரித்துப் போய்ச் சேர்ந்தபோது சாயங்காலம், வேலை முடிந்து எல்லாரும் கை கழுவிக்கொண்டிருந்தார்கள். செம்பியன் ஒரு வண்டிக்கு அடியிலிருந்து வெளியே வந்தான். மாமாவைப் பார்த்ததும், மனசு முந்துவதற்குள் வாய் முந்திவிட்டது. "வாங்க மாமா" என்றான். அப்புறம்தான் முகம் இறுகியது. தொங்கிக்கொண்டிருந்த அந்த வலது கையைப் பார்த்ததும் அந்த இறுக்கமும் நிற்கவில்லை.

பொன்னுரங்கம் அவனிடம் பேசவில்லை. நேராக இளவரசு முன்னால் போய், எல்லார் காதிலும் விழுகிற மாதிரி, "சார், இவன் என் சாமான எடுக்கல. அது என் ஷெட்லதான் இருந்துச்சு. நான் சொன்னது பொய்யி. எல்லாரும் கேட்டுக்குங்க" என்றார்.

"வச்சது நான்தான்" என்றாள் அமராவதி. "என் தம்பி மேல ஒரு தப்பும் இல்ல."

இளவரசு சங்கடப்பட்டு நாற்காலியைவிட்டு எழுந்தார். "இன்னாங்க இது, இவன் சேந்தப்ப அந்தப் பேச்சு இங்கயும் வந்துச்சுதான், அதெல்லாம் நாங்க எப்பவோ வுட்டாச்சி" என்றார். வேலையாட்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு, தூக்குச்சட்டியும் பையுமாக அவரைத் தாண்டி வெளியே போனார்கள். யாரும் நிற்கவில்லை.

செம்பியன் கையைத் துடைத்துக்கொண்டு ஆணியிலிருந்து தன் பையை எடுத்தான். இளவரசு மேஜைக்கு நேராக வந்தான். பையை மேஜைமேல் வைத்து, ஜிப்பைத் திறந்து, இரண்டு பக்கமும் விரித்துக் காட்டினான். டிபன் பாக்ஸ், துண்டு, தண்ணீர் பாட்டில்.

அமராவதி சுற்றிலும் பார்த்தாள். அவன் ஒருத்தன்தான் பையைத் திறந்தான்.

"அட, அதான் இவுங்களே வந்து சொல்லிட்டாங்களே, மூடுப்பா" என்று இளவரசு வேறு பக்கம் பார்த்தார்.

செம்பியன் தன் கையையே பார்த்தான். "தெனம் காட்டிக் காட்டிப் பழக்கமாயிடுச்சுண்ணே" என்று சொல்லி ஜிப்பை இழுத்து மூடினான்.

டீக்கடைக்குக் கூட்டிப்போனான். மாமாவுக்கு டம்ளரை இடது கையில் கொடுத்து, சூடு பார்த்துக் குடிங்க என்றான். நடந்ததையெல்லாம் அமராவதி சொல்லி முடித்தாள். அவன் கோபப்படுவான், கத்துவான், அதற்குத்தான் தயாராக இருந்தாள். "அந்தப் பிராத மொதல்ல போயி வாபஸ் வாங்குக்கா. மாமா கை தேறட்டும்" என்றுதான் சொன்னான். பொன்னுரங்கம் டம்ளரை வைத்துவிட்டு, ஒற்றைக் கையால் கும்பிட முடியாமல், அந்தக் கையை அவன் தோளில் போட்டார். அவன் விலக்கவில்லை.

"வூட்டுக்கு வந்துடுடா மச்சான். ஷெட்டு உன்னுது."

"பாக்கலாம் மாமா" என்றான். பாக்கலாம் என்றால் என்ன அர்த்தம் என்று மூன்று பேருக்குமே தெரியும்.

பஸ் வந்தது. அமராவதி அவசர அவசரமாகக் கிளிப்பச்சைப் பொட்டலத்தை எடுத்தாள். "மாமா இத உனக்குன்னு எடுத்தாந்தாருடா, நீ வச்சிக்க" என்று சொல்லிக்கொண்டே, அவன் தோளில் தொங்கிய பையின் ஜிப்பில் கை வைத்தாள்.

செம்பியன் வெடுக்கென்று பின்னால் போனான். பையை இரண்டு கையாலும் வயிற்றோடு அணைத்துக்கொண்டான்.

"வேணாங்க்கா" என்றான். "பையில மட்டும் போடாத."

கடலூர் வரும்வரை அமராவதி அந்தப் பொட்டலத்தை மடியிலேயே வைத்துக்கொண்டிருந்தாள். பொன்னுரங்கம் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டார். வீட்டுக்கு வந்ததும் ஷெட்டைத் திறந்து, பலகையில் அவர் வரைந்து வைத்திருந்த கோட்டுக்குள், துணியை அவிழ்த்து, ரெஞ்சை மாட்டினாள். சரியாகத்தான் இருந்தது.